சக்கர நாற்காலிகளில் அவுட்பேக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் தெற்கிலுள்ள அடிலெய்டிலிருந்து வடக்கிலுள்ள டார்வின் வரை, நடுவில் உலூரு என்ற பெரும்பாறைக்கு விலகிச் சென்று, சுமார் 3,500 கிலோமீட்டரை நாங்கள் ஆறு பேர் இரண்டு வண்டிகளில் கடந்தோம். ஆறு பேரில் நால்வர் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்கள்: மூவர் கையால் உருட்டும் நாற்காலியிலும், ஒருவர் மின்சார நாற்காலியிலும் இருந்தோம். மற்ற இருவர் நடப்பவர்கள். திரும்பி வந்த நாளிலிருந்து உறவினர்களும் நண்பர்களும், எங்களைப் போலவே கிளம்ப நினைப்பவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள் என்பதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். இவை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றல்ல.

அவுட்பேக் என்றால் பாலைவனம்தானே? மணலில் வீல்சேர் எப்படிப் போகும்?

ஆஸ்திரேலியாவின் கடலோர நகரங்களை விட்டு உள்ளே சென்றால் விரியும், மக்கள் மிகக் குறைவாக வாழும் நிலம் முழுவதையும் அவுட்பேக் என்கிறார்கள். அதில் மணல்மேடும் உண்டு, புல்வெளியும் உண்டு, செம்மண் சமவெளியும் உண்டு. அதன் நடுவே தெற்கில் போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கில் டார்வின் வரை ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை சுமார் 2,700 கிலோமீட்டர் நீள்கிறது. அது 1987-லேயே முழுவதும் தார்ச்சாலையாகிவிட்டது. நாங்கள் சென்றது பெரும்பாலும் இந்தச் சாலையில்தான். வண்டி செல்லும் தூரத்துக்கும் நாற்காலி உருளும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். நாற்காலி மண்ணைத் தொடுவது நிறுத்தங்களில் மட்டுமே.

நாற்காலியை உருட்டிக்கொண்டே நெடுந்தூரம் போனவர்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த ரிக் ஹான்சன் 1985 முதல் 1987 வரை 34 நாடுகளில் 40,000 கிலோமீட்டருக்கு மேல் தம் நாற்காலியிலேயே சென்றார். அவர் தேர்ந்த விளையாட்டு வீரர். கூடவே ஒரு குழுவும் வண்டியும் வந்தன. எங்களுக்கு அந்த எண்ணம் இருந்ததில்லை, இந்தப் பக்கமும் அதற்கானதல்ல.

எந்த மாதத்தில் போக வேண்டும்?

மே முதல் ஆகஸ்ட் வரை என்பது என் பதில். ஜனவரியில் நாட்டின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பகல் வெப்பம் சராசரியாக 36 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. வடக்கே டார்வின் பக்கம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம் என்பதால் பாதைகள் மூழ்கும்.

குளிர்காலத்திலும் கவனம் தேவை. பாலைவன இரவு உறைநிலையைத் தொடக்கூடும். தண்டுவடப் பாதிப்புள்ளவர்களின் உடலுக்கு வெப்பத்தைத் தணிக்கும் திறன் குறைவது போலவே, குளிரைத் தாங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் திறனும் குறைகிறது. நெருப்பருகே கால் நீட்டி உட்காரும் ஆசை எல்லோருக்கும் வரும். உணர்ச்சியற்ற காலில் செருப்பு உருகினாலும் தெரியாது. நெருப்புக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே இரண்டு மீட்டர் என்று மண்ணில் கோடு கிழித்துவிட்டுத்தான் நாங்கள் உட்கார்ந்தோம்.

எத்தனை நாள் ஆகும்? கூகுளில் அடிலெய்டு–டார்வின் 32 மணி நேரம் என்று காட்டுகிறதே?

நாங்கள் 21 நாள் எடுத்துக்கொண்டோம். இன்னும் மூன்று நாள் இருந்திருக்கலாம். ஒரு நாளின் தூரத்தை முடிவு செய்வது சாலையல்ல, காலைக்கடன். தண்டுவடப் பாதிப்புள்ளவர் ஒருவருக்கு மலம் கழிக்கவும், குளிக்கவும், தோலைச் சோதிக்கவும், உடுத்தவும் சாதாரணமாக ஒன்றரை மணி நேரமாவது ஆகும். நான்கு பேருக்கு ஒரே குளியலறை என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மாலையிலும் நேரம் குறுகும். இருட்டத் தொடங்கியதும் கங்காருவும் மாடும் சாலைக்கு வந்துவிடுவதால் சூரியன் மறையும் முன் தங்குமிடத்தைச் சேர்ந்துவிட வேண்டும். காலை பத்தரைக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குள் நிறுத்துவதென்றால், இறங்கி ஏறும் நேரமும் போக, 350 கிலோமீட்டரே நல்ல நாள். ஒரு முழு நாளை ஓட்டமில்லாமல் விடுவதும் அவசியம். எங்கள் பயணத்தில் ஐந்தாறு நாளுக்கு ஒன்றாக அப்படி மூன்று நாள்கள் வந்தன.

ஒருவர் மட்டும் வீல்சேரில் இருந்தால் சரி, நான்கு பேர் சேர்ந்து போவது சிக்கலை நாலு மடங்கு ஆக்காதா?

ஆக்கும், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. எங்களுக்குள் சிக்கல் குறைந்தது. ஒருவருக்குத் தெரிந்த நுணுக்கம் மற்றவருக்கு உதவியது. "கொஞ்சம் நில்லுங்கள், எடையை மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. நால்வரில் எவரும் விருந்தாளியாகவோ சுமையாகவோ உட்கார்ந்திருக்கவில்லை.

சிக்கல் வெளியே இருந்து வந்தது. சாலையோர விடுதிகள், சுற்றுலாப் படகுகள், பேருந்துகள், கழிப்பறைகள் என எல்லாமே, சக்கர நாற்காலிக்காரர் என்று ஒருவர்தான் வருவார் என்ற கற்பனையில் கட்டப்பட்டவை. இருபது அறைகள் கொண்ட மோட்டலில் மாற்றுத்திறனாளிகளுக்கான அறை ஒன்று. பேருந்தில் நாற்காலியைப் பூட்டும் இடம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. "உங்களிடம் வசதி இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கிறது" என்பார்கள், அது உண்மையும்கூட. "நால்வருக்கு இருக்கிறதா?" என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தப் பக்கத்தின் மீதிப் பதில்களில் பாதி இந்தக் கேள்வியின் கிளைகள்தான்.

அப்படியென்றால் இரவு எங்கே தங்கினீர்கள்?

பெரும்பாலும் கேரவன் பூங்காக்களில். அங்கே அறைகளின் கதவு குறுகலாக இருந்தாலும் பொதுக் குளியலறைத் தொகுதியில் மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய குளியலறை ஒன்று தனியாக இருப்பது வழக்கம். அதை நேரம் பிரித்துப் பயன்படுத்தலாம். நால்வரில் இருவர் காலைக்கடனை இரவுக்கு மாற்றிக்கொண்டார்கள். குடல் புதிய நேரத்துக்குப் பழக வாரங்கள் ஆகும் என்பதால், வீட்டிலேயே ஒரு மாதம் முன்பாகத் தொடங்கினார்கள். மடித்து எடுத்துச் செல்லும் குளியல் நாற்காலி, கமோடாகவும் பயன்படுவது, இருவருக்கு ஒன்று என இரண்டு கொண்டு போனோம். அவை இல்லாமல் இந்தப் பயணம் நடந்திருக்காது.

முன்பதிவின்போது சொல்லை நம்பாமல் புகைப்படமும் அளவும் கேளுங்கள். வழியில் ஒரு விடுதியில் தொலைபேசியில் எல்லாம் உண்டு என்றார்கள். போய்ப் பார்த்தால் ஷவருக்கு முன்னால் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத் திண்டு. கைப்பிடி இருந்தது, அதை எட்டத்தான் வழியில்லை. கதவின் அகலம், கட்டிலின் உயரம், கட்டிலுக்கு அடியில் தூக்கிக் கருவியின் கால் நுழைய இடைவெளி, ஷவர் வாசலில் திண்டு உண்டா என்ற நான்கும் போதும்.

வெட்டவெளியில் கூடாரம் போட்டுத் தூங்க முடியுமா?

முடியும், இரண்டு இரவு தூங்கினோம். ஆஸ்திரேலியர்கள் விரும்பும் ஸ்வாக் என்ற தரைப் படுக்கை நமக்கு ஒத்துவராது. தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவது தோள்மூட்டைப் பழிவாங்கும். நாற்காலி இருக்கையின் உயரத்துக்கு, அதாவது 45 முதல் 50 சென்டிமீட்டர் வரை, உயரமுள்ள மடக்குக் கட்டிலின் மேல் அதே ஸ்வாக்கை விரித்தால் சறுக்குப் பலகை வைத்து மாறிவிடலாம். அழுத்தம் குறைக்கும் மெத்தையைக் கட்டாயம் கொண்டு போக வேண்டும்.

எப்படிப்பட்ட வண்டி வேண்டும்?

தரை தாழ்த்தப்பட்டு, பின்னால் சாய்தளம் உள்ள சிறிய வேன்கள் நகரத்துக்கு அருமையானவை. ஆனால் தரையைத் தாழ்த்தியதால் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் இடையே இடைவெளி குறைந்துவிடும். ஒரு கிலோமீட்டர் மண்பாதை போதும், அடிப்பகுதி உரசும். எங்கள் மின்சார நாற்காலி நண்பருக்காக, பின்புறம் ஹைட்ராலிக் லிஃப்ட் பொருத்திய டொயோட்டா ஹையேஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். லிஃப்ட் நின்றுபோனால் கையால் இயக்கும் பம்ப் எங்கே இருக்கிறது, எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று புறப்படும் முன் செய்து பாருங்கள். செம்மண் தூசி மாவைப் போல நுண்ணியது. லிஃப்டின் இணைப்புகளிலும் ஜாய்ஸ்டிக்கின் அடியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு பிளாஸ்டிக் பை, தினமும் ஒரு பழைய பிரஷ், இவை போதும்.

மற்ற மூவரும் இன்னொரு காரில், கையால் இயக்கும் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் பொருத்தி, மாறி மாறி ஓட்டினோம். அத்தகைய வாடகைக் கார்கள் குறைவு. மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும். வடக்குப் பிரதேசத்தில் சில பகுதிகளில் 130 கிலோமீட்டர் வேகம் அனுமதி. 53.5 மீட்டர் வரை நீளமுள்ள ரோடு ட்ரெயின் லாரிகளை முந்த நெடுந்தூரம் வெறும் சாலை தேவை. அவசரப்படாதீர்கள்.

கழிப்பறை கிடைக்குமா? இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் கேட்பது இதைத்தான். நாட்டிலுள்ள பொதுக் கழிப்பறைகளின் வரைபடம் ஒன்றை ஆஸ்திரேலிய அரசு இணையத்திலும் செயலியாகவும் வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி உண்டா என்பதும் அதில் தெரியும். சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காது என்பதால் முந்தின இரவே குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிய மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைகள் பலவற்றைத் திறக்கும் எம்.எல்.ஏ.கே. என்ற பொதுச்சாவி ஒன்றும் உண்டு. தகுதியைக் காட்டிப் பூட்டுத் தொழிலாளரிடம் வாங்கலாம். ஒரு குழுவுக்கு இரண்டு சாவிகள் வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றையும் மீறி, நீண்ட இடைவெளிகள் உண்டு. கிளெண்டம்போவிலிருந்து கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க்கூட இல்லை. சிறுநீரை வெளியேற்றும் குழாயான கத்தீட்டரை வண்டியிலேயே பயன்படுத்த ஒரு திரை, கைகழுவும் நீர், மூடியுள்ள குப்பி ஆகியவை தேவை.

அப்போது தண்ணீர் கொஞ்சமாகக் குடித்தால் போதாதா? அடிக்கடி நிறுத்த வேண்டாமே.

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். தண்ணீரைக் குறைப்பது நம்மில் பலருக்குச் சிறுவயதிலிருந்தே பழகிப்போன தந்திரம். திருமண மண்டபத்திலும் ரயிலிலும் அதைச் செய்துதான் வளர்ந்தோம். அவுட்பேக்கின் வறண்ட காற்றில் வியர்வை தோன்றுமுன்பே உலர்ந்துவிடுவதால் நீரிழப்பு தெரியாது. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பையில் கிருமி பெருகும், கல் உண்டாகும், கத்தீட்டர் அடைபடும், மலச்சிக்கலால் காலைக்கடன் இன்னும் ஒரு மணி நேரம் நீளும். நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நாளையே இழப்போம்.

ஒருவருக்கு எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவர் சொல்ல வேண்டும்; குறிப்பாகக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை கத்தீட்டர் போடுபவர்கள் கூடுதலாகக் குடித்தால் கூடுதல் முறை போட வேண்டும். அந்தக் கணக்கில் கத்தீட்டர்களை எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் 21 நாள் தேவையைப் போல இரு மடங்கு எடுத்து, பாதியைப் பாதி வழியில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தங்குமிடத்துக்கு முன்கூட்டியே அஞ்சலில் அனுப்பினோம்.

எனக்குக் கழுத்துப் பகுதியில் அடிபட்டது. வெயில் தாங்காது என்கிறார்கள். வரலாமா?

தண்டுவடத்தில் டி-6 மட்டத்துக்கு (மார்புப் பகுதியின் ஆறாம் எலும்பு) மேல் பாதிப்புள்ளவர்களுக்கு, பாதிப்புக்குக் கீழே உடல் சரியாக வியர்ப்பதில்லை. எங்களில் ஒருவர் அப்படித்தான். நீர் தெளிக்கும் புட்டி, கழுத்தில் ஈரத்துண்டு, வண்டியின் ஏ.சி. ஆகிய மூன்றும் அவருக்கு மருந்து போல, ஏ.சி. பழுதானால் பயணம் அன்றே நிற்கும் என்று முன்பே பேசியிருந்தோம்.

இன்னொன்றையும் உடன் வருபவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். இதே மட்டத்தினருக்கு சிறுநீர்ப்பை நிறைந்தாலோ, குழாய் மடங்கினாலோ, மலம் இறுகினாலோ, தோலில் எதுவோ அழுத்தினாலோ இரத்த அழுத்தம் திடீரென ஏறும். தலை வெடிப்பது போல் வலிக்கும், முகம் சிவக்கும், மேலுடல் வியர்க்கும். ஆங்கில மருத்துவத்தில் ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா என்பார்கள். படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். அடங்காவிட்டால் ஆஸ்திரேலியாவின் அவசர உதவி எண்ணான 000-ஐ அழைக்க வேண்டும். வழக்கமான இரத்த அழுத்தமே தாழ்வாக உள்ளவர்கள் இவர்கள் என்பதால், மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் 130 என்ற மேல் அளவுகூட இவர்களுக்கு ஆபத்தின் அடையாளமாக இருக்கலாம். இதை ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார் நண்பர். சிறிய ஊரின் செவிலியருக்கு இது புதிதாக இருக்கலாம்.

நாள் முழுதும் வண்டியில் உட்கார்ந்தால் புண் வந்துவிடாதா?

வரும், அதைத் தடுப்பதே தினசரி வேலை. வண்டியின் இருக்கையில் நாற்காலியின் மெத்தையை வைத்துக்கொள்வது, அரை மணிக்கு ஒருமுறை எடையை மாற்றுவது, இரவும் காலையும் கண்ணாடி வைத்தோ நம்பிக்கையானவரிடம் கேட்டோ பின்புறத்தைப் பார்ப்பது ஆகியவை நீங்கள் அறிந்தவையே. சாலையின் அதிர்வு இதைக் கூட்டுகிறது என்பதுதான் எங்களுக்குப் புதிதாகத் தெரிந்தது. சிவந்த இடம் அழுத்தம் நீங்கியும் மறையாவிட்டால் மறுநாள் ஓட்டம் இல்லை என்பது எங்கள் விதி. அந்த விதியை யார் மீற முயன்றார் என்பது கடைசிப் பதிலில் வருகிறது.

டயர் பஞ்சரானால்?

ஆகும். தமிழ்நாட்டில் செருப்பைத் துளைக்கும் அதே நெருஞ்சி ஆஸ்திரேலியாவிலும் முளைக்கிறது. கேரவன் பூங்காவின் புல்தரையில் முதல் மாலையிலேயே அதைச் சந்தித்தோம். அதன் முள் எந்தக் காற்றுடயரையும் விடாது. திடரப்பர் டயர் பஞ்சராகாது, ஆனால் அதிர்வை அப்படியே முதுகுக்குக் கடத்தும். ஒவ்வொருவரும் இரண்டு ட்யூப், ஒட்டுப் பொருள்கள், கைப்பம்ப் கொண்டு வந்தோம். நால்வரின் பின்சக்கரங்களும் முடிந்தவரை ஒரே அளவாக இருந்தால் உதிரிகள் பொதுவாகிவிடும். மூவருடையவை 24 அங்குலமாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மண்ணில் புதைவது பின்சக்கரமல்ல, முன்னாலுள்ள சிறு சக்கரங்கள். கால்வைக்கும் பலகையில் மாட்டி அவற்றைத் தரையிலிருந்து தூக்கிவிடும் பெரிய ஒற்றைச் சக்கரம் கடைகளில் கிடைக்கிறது. நாங்கள் வாங்கியவற்றில் மிகப் பயன்பட்டது அதுவே.

உலூருவில் மேலே ஏற முடியாதே, அங்கே போய் என்ன பார்ப்பது?

யாராலும் ஏற முடியாது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்குப் புனிதமான அந்தப் பாறையில் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 348 மீட்டர் உயரப் பாறையை எல்லோரும் அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் இடம் என்ற வகையில், உலகத்தில் எனக்குப் பிடித்த சமத்துவமான சுற்றுலாத்தலம் இது.

மாலா பாதையும், முட்டிஜூலு நீர்நிலைக்குச் செல்லும் குனியா பாதையும் சக்கர நாற்காலிக்கு ஏற்றவை. பண்பாட்டு மையத்துக்குள்ளும் செல்லலாம். பாறையைச் சுற்றும் 10.6 கிலோமீட்டர் பாதை பெரும்பாலும் சமதளம் என்றாலும் மணல் திட்டுகள் உண்டு. ஒற்றைச் சக்கரம் மாட்டிய இருவர் பாதி தூரம் போய்த் திரும்பினோம். ஈக்களுக்கு முகவலை அணியுங்கள். இரண்டு கையும் சக்கரத்தில் இருக்கும்போது மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்ட மூன்றாவது கை கிடையாது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே சிம்சன்ஸ் கேப் வரை 17 கிலோமீட்டருக்குத் தார் போட்ட மிதிவண்டிப் பாதை உள்ளது. கைமிதி வண்டி வைத்திருப்பவர்கள் விடக்கூடாது.

ஊட்னடாட்டா போன்ற மண்பாதைகளில் போகலாமா?

முதல் பயணத்தில் வேண்டாம். ஊட்னடாட்டா பாதை சுமார் 620 கிலோமீட்டர் மண்சாலை. மழை பெய்தால் நாள்கணக்கில் மூடப்படும். கையிருப்பு மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பதே நம் எல்லை.

போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஏதாவது ஆனால் யார் வருவார்கள்?

ஊர்களை விட்டு விலகியதும் சிக்னல் போய்விடும். செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்றையும், பொத்தானை அழுத்தினால் மீட்புப் படைக்கு இடத்தைத் தெரிவிக்கும் அவசரக் கருவி ஒன்றையும் வைத்திருந்தோம். அக்கருவியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். வண்டிகளுக்கிடையே பேச யு.எச்.எஃப். வானொலி, லாரிக்காரர்கள் 40-ஆம் அலைவரிசையில் இருப்பார்கள். தீவிரமான நிலையில் 1928-இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை விமானத்தில் வந்து ஏற்றிச் செல்லும். உங்கள் நாற்காலியும் அதே விமானத்தில் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதை யார் எங்கே கொண்டு சேர்ப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

டார்வினிலிருந்து எல்லோரும் ஒரே விமானத்தில் திரும்பலாமா?

இங்கேயும் ஐந்தாம் கேள்வியின் பதில்தான். சில விமான நிறுவனங்கள் உதவி தேவைப்படும் சக்கர நாற்காலிப் பயணிகளை ஒரு விமானத்தில் இரண்டு பேருக்கு மேல் ஏற்பதில்லை. இப்படி மறுக்கப்பட்ட ஒரு பெண்மணி 1992-ஆம் ஆண்டின் பாகுபாடு தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார். மறுத்தது பாகுபாடே என்று ஏற்றுக்கொண்ட ஃபெடரல் நீதிமன்றம், அந்த வரம்பை நீக்குவது நிறுவனத்துக்கு நியாயமற்ற சுமையாகும் என்று கூறி 2012-இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாங்கள் இரண்டிரண்டு பேராகத் திரும்பத் திட்டமிட்டோம். லித்தியம் மின்கலம் உள்ளவர்கள் அதன் வாட்-மணி அளவை எழுத்தில் வைத்திருங்கள். அதைப் பார்க்காமல் ஏற்றமாட்டார்கள்.

செலவுக்கு என்.டி.ஐ.எஸ். பணம் தருமா? ஊரிலிருந்து வரும் என் தம்பிக்கு?

மாற்றுத்திறனாளிகளுக்கான ஆஸ்திரேலிய அரசின் உதவித் திட்டமான என்.டி.ஐ.எஸ். பயணச்சீட்டுக்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் தராது. உங்கள் திட்டத்தில் உதவியாளருக்கு ஒதுக்கிய மணிநேரத்தைப் பயணத்தின்போது பயன்படுத்திக்கொள்ள முடியும். முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுற்றுலா விசாவில் வருபவருக்கு அத்திட்டம் இல்லை. இந்தியாவுடனோ இலங்கையுடனோ பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லாததால் அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் இல்லை. பயணக் காப்பீட்டில் அவருடைய தண்டுவடப் பாதிப்பை மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் தேவைப்படும் நாளில் அந்தக் காப்பீடு பயனற்ற காகிதம்.

நடப்பவர்கள் யாரும் இல்லாமல் நாம் மட்டும் போகலாமா?

கையால் உருட்டும் நாற்காலியில் தாமே இடம் மாறத் தெரிந்தவர்கள் மட்டும் என்றால், தார்ச்சாலையில், இரண்டு வண்டிகளில், போகலாம் என்பது என் கருத்து. எங்களுடன் வந்த இருவரில் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. பஞ்சரான கார்ச் சக்கரத்தை மாற்றுவதைத் தவிர அவர்கள் செய்தவற்றில் பெரும்பகுதியை நாங்களே செய்திருக்க முடியும். அதற்கும் சாலையோர உதவிச் சந்தா உண்டு, காத்திருக்கத்தான் வேண்டும். இரவில் திருப்பிப் படுக்க வைக்கவும் தூக்கவும் ஆள் தேவைப்படுபவர் குழுவில் இருந்தால் பதில் வேறு: உதவியாளர் ஒருவர் அல்ல, இருவர் வேண்டும். ஒருவரே 21 நாள் இரவும் பகலும் வேலை செய்தால் அவர்தான் முதலில் படுத்துவிடுவார்.

நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் எல்லோரும் திரும்ப வேண்டுமா?

இதைக் கிளம்பும் முன் எழுதி வைத்துக் கையெழுத்திட்டோம். மற்றவர்கள் தொடர வேண்டும். விலகுபவர் வருத்தப்படலாம், ஆனால் வாதாடக் கூடாது. இடையில் விலக வசதியான இடங்கள் விமான நிலையம் உள்ள உலூருவும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸும்தான். ஆலிஸில் 'தி கான்' ரயிலும் நிற்கிறது.

பத்தாம் நாள் இரவு எங்களில் ஒருவருக்கு இடது இடுப்பெலும்பின் மேல் சிவப்பு மறையவில்லை. அவர் அதை ஒரு நாள் மறைத்திருந்தார், நான்தான் அவர். மறுநாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, மூன்று நாள் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். விதிப்படி மற்றவர்கள் கிளம்பினார்கள். உடன் தங்கிய ஒருவரோடு நான் நான்காம் நாள் விமானத்தில் டார்வின் போய் அவர்களுக்காகக் காத்திருந்தேன். என் இரண்டு உதிரி ட்யூப்களை அவர்களிடம் கொடுத்திருந்தேன். ஒன்று டென்னன்ட் கிரீக்கில் பயன்பட்டது. மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.